குழாய்த் தண்ணீரின் பூர்வோத்தரம்

நம்முடைய குடும்பங்களில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. பிள்ளைக்குப் பெண் பார்க்கப் போனால் மூன்று தலைமுறைக்குப் பூர்வோத்தரம் விசாரிப்போம். வாசலில் வந்து நிற்கும் பால்காரரிடம் பாலில் எத்தனை பங்கு தண்ணீர் என்று விசாரிப்போம். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் ஒரு நாளும் விசாரிப்பதில்லை. குழாயைத் திருகினால் வருகிறது. சில நாட்களில் திருகினாலும் வருவதில்லை. அதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது.

இருபது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடத்தில் பூகோளமும் சரித்திரமும் சொல்லிக் கொடுத்து வருகிறவன் நான். நைல் நதி எங்கே உற்பத்தியாகிறது, எந்தெந்தத் தேசத்தின் வழியாகப் பாய்கிறது என்று கேட்டால் பையன்கள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். கொசஸ்தலையாறு எங்கே இருக்கிறது என்று கேட்டால் வகுப்பின் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். பையன்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர்களுடைய தகப்பனார்களைக் கேட்டாலும் அதே கூரையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் சென்னைப் பட்டணத்தில் குழாயைத் திருகும் லட்சக்கணக்கான குடும்பங்களில், அந்த ஆற்றுக்குக் கடன்படாத குடும்பம் அபூர்வம்.

ஆகவே, கோடை விடுமுறைக்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மூட்டை கட்டும் அன்பர்களுக்கு ஒரு யோசனை சொல்லுகிறேன். மாரிக்காலம் முடிந்ததும், கார்த்திகைக் கடைசியிலோ மார்கழி, தை மாதங்களிலோ, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். கட்டுச்சாதமும், குடிக்கத் தண்ணீரும், அழுத்தமான செருப்பும் இருந்தால் போதும். பட்டணத்திலிருந்து சுமார் 60 கிலோ மீட்டர் தொலைவில், ஓர் ஏரிக்கரையும் ஒரு சிறு மலைத்தொடரும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. ஏரிக்குப் பூண்டி என்றும், மலைக்கு அல்லிக்குழி என்றும் பெயர்.

பூண்டிக் கரையில்

சென்னையிலிருந்து மின்சார ரயிலில் திருவள்ளூர் போய் இறங்கலாம். அங்கிருந்து பஸ்ஸில் பூண்டிக்கு அரை மணி நேரப் பிரயாணந்தான். வழி நெடுக நெல் வயல்களும் தோப்புகளும் பார்த்துக்கொண்டே போகலாம்.

மேட்டூர் அணையைப் பார்த்தவர்கள் பூண்டியில் அந்தப் பிரமாண்டத்தை எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு மலைகளுக்கு நடுவே வானளாவிய சுவர் எதுவும் இங்கே இல்லை. சமவெளியில் ஆற்றை மறித்து நீண்ட கரை போட்டிருக்கிறார்கள்; நடுவில் 16 மதகுகள். ஏரி நிறைந்தால் நீர்மட்டம் 35 அடி. அவ்வளவுதான் உயரம். ஆனால் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால், கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் நத்தைகுத்தி நாரைகளும் தங்களுக்குள் ஏதோ பாகப்பிரிவினை செய்துகொண்டு ஆளுக்கு ஓர் இடமாக உட்கார்ந்திருக்கின்றன. தொடுவானத்தில் நீலக் கோடு கிழித்தது போல் குன்றுகள் தெரிகின்றன.

இந்த ஏரியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி என்று தினசரிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பீர்கள். வாத்தியார் வேலை பார்ப்பவனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 2 கோடியே 83 லட்சம் லிட்டர். அந்தக் கணக்குப்படி பூண்டி நிறைந்திருக்கும்போது அதில் இருப்பது சுமார் 9,150 கோடி லிட்டர். சென்னைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 கோடி லிட்டர் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு சொட்டுக்கூட வெயிலில் ஆவியாகாமல் இருந்தாலும், மூன்று மாதத்துக்குத்தான் வரும்! கடலைப் போல் தெரிகிற இந்த ஏரியைப் பட்டணம் மூன்றே மாதத்தில் குடித்துத் தீர்த்துவிடும் என்று கேட்டதும், கரைமேல் குதித்து விளையாடிக்கொண்டிருந்த என் மாணவர்கள் சற்று நேரம் பேசாமல் நின்றார்கள்.

கொசஸ்தலையாற்றின் சுபாவமே தனி. காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீரும், ஆந்திரப் பக்கத்திலிருந்து இறங்கும் நகரி ஆற்றின் வெள்ளமும் இதில் வந்து சேருகின்றன. வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணல்; ஐப்பசி கார்த்திகையில் திடீரென்று கரை புரளும் வெள்ளம். அந்த வெள்ளத்தை அப்படியே விட்டுவிட்டால் நேரே எண்ணூருக்குப் போய்க் கடலில் விழுந்துவிடும். இரண்டு மாதத்து வெள்ளத்தைப் பிடித்து வைத்துப் பன்னிரண்டு மாதமும் செலவழிப்பதுதான் பூண்டியின் வேலை. ஏரியிலிருந்து கால்வாய் வழியாகச் சோழவரத்துக்கும் புழலுக்கும் தண்ணீர் போகிறது. இன்னொரு கால்வாய் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து சுத்தி செய்யும் நிலையங்களுக்கும், குழாய்களுக்கும், கடைசியாக நம்முடைய குடத்துக்கும் வந்து சேருகிறது.

1996-ம் வருஷத்திலிருந்து பூண்டிக்கு வேறொரு விருந்தாளியும் வருகிறாள். அவள் கிருஷ்ணா நதி. 1983-ல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, ஆந்திரத்துக் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து 177 கிலோ மீட்டர் நீளமுள்ள கால்வாயில் அவள் இங்கே வந்து சேருகிறாள். மகாராஷ்டிரத்தில் மகாபலேசுவரத்தின் பக்கம் பெய்த மழை, மாம்பலத்தில் ஒரு வீட்டுச் செம்பில் வந்து நிற்கிறது. பாரத தேசம் ஒன்று என்பதற்குப் பிரசங்கமேடைகளில் எத்தனையோ அத்தாட்சி சொல்லுகிறார்கள். இந்தச் செம்புத் தண்ணீரைவிடத் தெளிவான அத்தாட்சி எனக்குத் தெரிந்தவரையில் இல்லை.

தீரர் சத்தியமூர்த்தி வைத்த கடன்

சென்னையின் தாகம் பழைய தாகம். 1772-ம் வருஷத்தில் கம்பெனிக்காரர்கள் ஏழு கிணறு வெட்டிக் கோட்டைக்கு ஜலம் கொண்டுபோனார்கள். நூறு வருஷம் கழித்து, 1872-ல், கொசஸ்தலையாற்றைத் தாமரைப்பாக்கத்தில் அணை கட்டித் திருப்பி, சோழவரம், புழல் ஏரிகளின் மூலமாகப் பட்டணத்துக்குத் தண்ணீர் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் நீரேற்று நிலையம் ஏற்பட்டது. பட்டணமோ வளர்ந்துகொண்டே போயிற்று. 1941-ம் வருஷத்து ஜனக்கணக்கின்போது 7 லட்சத்து 77 ஆயிரம் பேர். ஏரிகள் மட்டும் வளரவில்லை.

1939-ம் வருஷத்தில் தீரர் சத்தியமூர்த்தி சென்னை மேயரானார். பட்டணத்தில் கடுமையான தண்ணீர்ப் பஞ்சம். ஐரோப்பாவில் யுத்தம் ஆரம்பமாகிவிட்டது. சர்க்காரின் பணமும் கவனமும் துப்பாக்கிக்கும் வெடிமருந்துக்கும் போய்க்கொண்டிருந்த காலம். 'யுத்தம் முடியட்டும், பார்க்கலாம்' என்று சொல்லுவதற்கு இதைவிட நல்ல சாக்கு எந்த உத்தியோகஸ்தருக்கும் கிடைக்காது. ஆனால் சத்தியமூர்த்தி சும்மா விடுகிறவரல்ல. எந்த ஆட்சியை மேடைதோறும் எதிர்த்துப் பேசினாரோ, அந்த ஆட்சியிடமே போராடி, பூண்டித் திட்டத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டும்படி செய்தார். 1940-ல் அப்போதைய கவர்னர் ஸர் ஆர்தர் ஹோப் கல்லை நாட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பையன்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் தாழ்ந்துவிடும். 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் வந்தது. சத்தியமூர்த்தி சிறைப்பட்டார். அமராவதிச் சிறையில் அவருடைய உடல்நிலை அடியோடு கெட்டது. 1943-ம் வருஷம் மார்ச்சு 28-ந் தேதி சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் காலமானார். ஏரி கட்டி முடிந்தது 1944-ல். எந்த ஏரிக்காக அவர் மல்லுக்கு நின்றாரோ, அந்த ஏரியின் தண்ணீரில் ஒரு வாய்கூட அவர் குடிக்கவில்லை. சுதந்திரத்தையும் அவர் பார்க்கவில்லை.

ஏரிக்குப் பிற்பாடு 'சத்தியமூர்த்தி சாகரம்' என்று பெயர் வைத்தார்கள். அவர் பெரிய நாவலர். சட்டசபையிலும் கடற்கரையிலும் அவர் பேசிய பேச்சைக் கேட்டவர்கள் இப்போது அநேகமாக இல்லை. அந்தப் பேச்சுக்கள் காற்றோடு போய்விட்டன. அவர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய தண்ணீர் மட்டும் இன்றைக்கும் மதகு வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பெயரைக் கேட்டறியாத குழந்தைகூட அதைக் குடித்து வளர்கிறது.

சுவாமி வீடு மாறிய கதை

ஏரிகளின் சரித்திரத்தில் எழுதாத ஒரு பக்கம் உண்டு. தண்ணீர் நிற்க இடம் வேண்டுமானால், அங்கே இருந்தவர்கள் எழுந்து போகவேண்டும். பூண்டியிலும் வயல்கள் முழுகின. குடியிருந்தவர்கள் இடம் பெயர்ந்தார்கள். மனிதர்கள் மாத்திரமல்ல, சுவாமியும் வீடு மாற நேர்ந்தது.

பாடல் பெற்ற தலங்களில் திருவெண்பாக்கம் ஒன்று. சுந்தரமூர்த்தி சுவாமிகளின் கதையில் அதற்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்து, 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்து கொடுத்த சுந்தரர், திருவாரூர் ஞாபகம் வந்ததும் புறப்பட்டுவிட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதுமே இரு கண்களும் பார்வை இழந்தன. தட்டுத்தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து சேர்ந்து, 'இங்கே இருக்கிறீரா?' என்று கேட்டார். பழகிய தோழரல்லவா? சிவபெருமான் கண்ணைக் கொடுக்கவில்லை. ஓர் ஊன்றுகோலைக் கொடுத்து, 'நடந்து போ' என்றார். கோபம் கொண்ட சுந்தரர் அந்தக் கோலை வீசி எறிய, அது நந்தியின்மேல் பட்டுக் கொம்பு ஒடிந்தது என்று ஸ்தலபுராணம் கூறும். பிறகு காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மற்றொரு கண்ணும் கிடைத்தன.

அந்தப் பழைய கோயில் இருந்த இடம் ஏரியின் நீர்ப்பரப்புக்குள் போய்விட்டது. ஆகவே கோயிலைப் பெயர்த்து வந்து பூண்டியில் புதிதாக எழுப்பினார்கள். ஊன்றீசுவரர் இப்போது இங்கேதான் எழுந்தருளியிருக்கிறார். அம்மனுக்கு மின்னொளியம்மை என்று பெயர். கொம்பு ஒடிந்த நந்தியையும் தரிசிக்கலாம்.

பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் இந்தச் சந்நிதியில் ஒரு நிமிஷம் நிற்பது நல்லது. நம்முடைய தாகத்துக்காகச் சுவாமியே வீடு மாறினார் என்றால், வயலையும் வீட்டையும் விட்டுப் போன ஏழைக் குடியானவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். சுவாமிக்குப் புதுக் கோயில் கிடைத்தது. அவர்களுடைய பெயர் எந்தக் கல்லிலும் கிடையாது. குழாயடியில் தண்ணீர் வழிந்து ஓடும்போது வீணாவது வெறும் தண்ணீர் அல்லவென்று இந்த இடத்தில்தான் நன்றாகப் புரிகிறது.

பதினைந்து லட்சம் வருஷத்துக் கல்

கோயிலைப் பார்த்த பிறகு, பூண்டியிலேயே 1985-ல் ஏற்பட்ட தொல்பழங்கால அகழ்வைப்பகத்துக்குப் போகவேண்டும். மலைக்குப் போகுமுன் இதைப் பார்த்துவிடுவது அவசியம். இல்லாவிட்டால் மலையில் மிதிபடுகிற கல் வெறும் கல்லாகவே இருந்துவிடும்.

இங்கே கண்ணாடிப் பெட்டிகளில் இருப்பவை தங்கமுமல்ல, வெண்கலமுமல்ல. கைக்கு அடக்கமான கற்கள். ஒரு பக்கம் உருண்டை, மற்றொரு பக்கம் கூர்மை. இரண்டு பக்கமும் செதுக்கி, இலையைப் போல் நுனி குவிந்த கற்களும் உண்டு. இவை கைக்கோடரிகள். ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் இந்தியப் புவியியல் ஆராய்ச்சி இலாகாவில் வேலை பார்த்தவர். 1863-ம் வருஷம் மே 30-ந் தேதி பல்லாவரத்தில் இப்படிப்பட்ட கல் ஒன்றை அவர் கண்டெடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில், தம்முடைய சகா வில்லியம் கிங்குடன் இந்தப் பக்கம் வந்து, பூண்டிக்குச் சமீபத்திலுள்ள அதிரம்பாக்கத்தில் ஓடைக்கரையிலே இம்மாதிரிக் கருவிகள் ஏராளமாக இருப்பதைக் கண்டார். இந்தியாவில் அத்தனை பழைய காலத்திலே மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு அவையே முதல் சாட்சிகள். உலகத்து அறிஞர்கள் இந்த வகைக் கருவிகளுக்கு நம்முடைய சென்னையின் பெயரையே வைத்து வழங்கலானார்கள்.

எவ்வளவு பழமை? அதற்கு நூற்றைம்பது வருஷம் பொறுத்திருக்கவேண்டி வந்தது. சாந்தி பப்பு அம்மையாரும் அவருடைய சகாக்களும் அதிரம்பாக்கத்தில் பல வருஷங்கள் அகழ்ந்து ஆராய்ந்தார்கள். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முற்பட்டவை என்று 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். 3 லட்சத்து 85 ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கே கருவி செய்யும் முறை மாறி, சிறிய, நுட்பமான கருவிகள் வந்துவிட்டன என்று 2018-ல் தெரிவித்தார்கள். முதலில் இங்கே கல் செதுக்கியவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள்கூட அல்ல. நம்முடைய இனம் தோன்றுவதற்கு வெகு காலம் முன்னால் இருந்த ஆதி மனிதர்கள்.

"அப்போது இந்த ஏரி இருந்ததா, ஸார்?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

"ஏரி ஏது? ஓடையும் ஆற்று வெள்ளமுந்தான் இருந்தன" என்றேன்.

"அப்படியானால் அவர்களும் நம்மைப் போலவே இந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்" என்றான் அவன், வெகு சாதாரணமாக. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததை அந்தப் பையன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

அல்லிக்குழி மலையில்

பூண்டியிலிருந்து சில கிலோ மீட்டர் தூரத்தில் குடியம் என்ற கிராமம். அங்கிருந்து குகைக்குக் கால்நடைதான். போக ஒரு மணி, திரும்ப ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இது காப்புக்காடு; ஆகையால் காட்டிலாகாவாரின் அனுமதி பெற்றுக்கொண்டு, கிராமத்தார் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போவதே முறை. ஒற்றையடிப் பாதைகள் பல இடங்களில் கிளை பிரிகின்றன. எல்லாப் பாதையும் ஒன்று போலவே இருக்கும். ஆடு மேய்க்கிறவருக்குத் தெரிந்த வழி, பூகோள வாத்தியாருக்குத் தெரியாது.

மலை என்று பெயரே தவிர, ஏற்றம் கடுமையல்ல. பாட்டிமார்கூட நிதானமாக நடந்தால் ஏறிவிடலாம். இரண்டு பக்கமும் புதர்க்காடு: காரை, களா, சூரை, வெப்பாலை. மழை ஓய்ந்த மாதங்களில் எல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கும். ஒரு வளைவில் மயில் கூவும். இன்னொரு வளைவில், காலடிச் சத்தம் கேட்டுக் கௌதாரிகள் படபடவென்று பறக்கும். களாச்செடியின் முள் வேட்டியைப் பிடித்து இழுத்து, 'என்ன அவசரம்?' என்று விசாரிக்கும்.

ஆனால் கண் பார்க்கவேண்டிய இடம் பாதை. காலடியில் வழவழவென்று உருண்டைக் கற்கள், கோழிமுட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரையில். மலைமேல் ஆற்றுக் கற்களுக்கு என்ன வேலை? அதுதான் இந்த மலையின் ரகசியம். இந்தக் குன்றுகள் 10 கோடி வருஷத்துக்கு மேற்பட்டவை. அந்தக் காலத்தில் நீரோட்டங்கள் உருட்டிக்கொண்டு வந்து குவித்த கற்களும் மணலும் இறுகிப் பாறையாயின. பாயசத்தில் முந்திரிப் பருப்பைப் போலப் பாறை முழுவதும் உருண்டைக் கற்கள் பதிந்திருக்கின்றன. வெயிலிலும் மழையிலும் பாறை தேய்ந்து உதிர, கற்கள் விடுபட்டு ஓடைகளில் உருண்டு கீழே போகின்றன. குவார்ட்ஸைட் என்று சொல்லப்படும் இந்தக் கல் மிகவும் உறுதி வாய்ந்தது. இதைத் தட்டினால் நொறுங்காமல், கத்தி போன்ற விளிம்புடன் சில்லுச் சில்லாகப் பெயரும். ஆதி மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? மலை அவனுக்கு ஆயுதசாலை. அடிவாரத்து ஓடை தண்ணீர்ப் பந்தல்.

நடந்துகொண்டே இருக்கும்போது பாதை சட்டென்று கீழே இறங்குகிறது. மரங்களுக்கு நடுவே பெரிய பாறைச் சுவர் ஒன்று தோன்றுகிறது. அதன் அடிப்பாகம் உள்ளே குடைந்து, மேற்பாகம் கூரை போல் முன்னே நீண்டிருக்கிறது. குகை என்பதைவிட, இயற்கை கட்டிக்கொடுத்த பெரிய திண்ணை என்று சொல்லலாம். பெருமழை பெய்தாலும் ஒரு கூட்டமே நனையாமல் ஒதுங்கி நிற்கலாம். கூரையை அண்ணாந்து பார்த்தால் அங்கேயும் அதே உருண்டைக் கற்கள், இப்போதே விழுந்துவிடும் போல் பதிந்து நிற்கின்றன. 1960-களில் மத்திய சர்க்காரின் தொல்பொருள் இலாகாவினர் இங்கே தோண்டிப் பார்த்துக் கற்கருவிகளை எடுத்தார்கள். கிராமத்தாருக்கோ இது அம்மன் குடியிருக்கும் இடம். மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

பாறை நெற்றியில் பெரிய பெரிய தேனடைகள் தொங்குகின்றன. இங்கே கூச்சல் போடுவதும், புகை போடுவதும், வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வருவதும் ஆபத்து. மலைத்தேனீக்களுக்கு ஹாஸ்ய உணர்ச்சி கிடையாது. நாற்பது பையன்களை அரை மணி நேரம் மௌனமாக உட்கார வைக்க என்னால் வகுப்பில் முடிந்ததில்லை. அந்தத் தேனீக்களால் முடிந்தது. அந்த மௌனத்தில் பாறையிலிருந்து எங்கோ ஒரு சொட்டுத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ரயிலில் வந்த தண்ணீர்

இந்த நடைக்கும் நம்முடைய வீட்டுக் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்.

மலையில் புதரும் மரமும் இருக்கும்வரை மழைநீர் மெதுவாகக் கீழே இறங்கும். மண்ணில் ஊறும், ஓடையில் கசியும், ஏரிக்குத் தெளிந்து வந்து சேரும். காடு அழிந்தால் அதே மழை ஒரே பாய்ச்சலாய் மண்ணையும் வாரிக்கொண்டு வரும். அந்த மண் ஏரியின் வயிற்றில் படியும். வயிறு சுருங்கினால் கொள்ளளவு குறையும். வரத்துக் கால்வாயை அடைத்து வீடு கட்டினாலும், ஆற்று மணலை ஒட்டச் சுரண்டினாலும் நஷ்டம் ஊருக்கேதான்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் முழுகிற்று. நாலே வருஷத்துக்குள், 2019 ஜூனில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு போயின. அடுத்த மாதம் ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். ரயில் வந்து நின்றதும் மாலை போட்டு வரவேற்றார்கள். நியாயந்தான், தாகத்தில் வந்த விருந்தாளி! ஆனால் மறுபடியும் வாத்தியார் கணக்குக்கு வாருங்கள். பூண்டி ஏரி ஒரு தடவை நிறைவதற்குச் சமமான தண்ணீரை ரயிலில் கொண்டு வருவதானால் 36,600 ரயில்கள் வேண்டும். தினம் ஒரு ரயிலாக வந்தால் நூறு வருஷம் ஆகும்.

இப்போது கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இருக்கின்றன. வீராணத்திலிருந்தும் குழாய் வருகிறது. எல்லாம் நல்லதே. ஆனாலும் வானம் தருவதைப் பிடித்து வைக்கும் ஏரிக்கு ஈடான மலிவான யந்திரத்தை இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த யந்திரத்தைக் காப்பாற்றவேண்டும் என்று சட்டசபையில் கேட்பதற்கு முன்னால், அது எங்கே இருக்கிறது என்றாவது ஜனங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பார்த்திராத ஏரி வற்றினால் யாருக்கு மனம் பதைக்கும்? பிள்ளைப்பருவத்தில் கரைமேல் ஓடி விளையாடி, நாரையை எண்ணிப் பார்த்து, மலையில் முள் குத்திக்கொண்டவன், பெரியவனானதும் அந்த ஏரியைக் குப்பைமேடாக்கச் சம்மதிக்க மாட்டான். இது என் அனுபவத்தில் கண்டது. என்னுடன் முன்பு நடந்து வந்த பையன்கள் சிலர் இப்போது தங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அதே கரைக்குப் போய் வருகிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை

காலை முதல் ரயிலிலேயே புறப்படுங்கள். வெயில் ஏறுமுன் மலையை முடித்துவிட்டு, ஏரிக்கரையை மாலைக்கு வைத்துக்கொள்வது உத்தமம். ஆனால் சிறு குழந்தைகள் உடன் வந்தால் மலையையும் ஏரியையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். மலையில் கடை கிடையாது. ஏரியில் இறங்கிக் குளிக்க வேண்டாம். மதகுக்குப் பக்கத்தில் ஆழமும் இழுப்பும் பொல்லாதவை. அதுவுமன்றி, அது ஊரார் குடிக்கும் ஜலம். கொண்டுபோன இலையும் காகிதமும் பாட்டிலும் உங்களோடேயே வீடு திரும்பட்டும்.

கடைசியாக ஒரு விஷயம். அதிரம்பாக்கத்திலோ மலைப்பாதையிலோ கூர்மையான அழகிய கல் ஒன்று கண்ணில் பட்டால், குழந்தைகள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள ஆசைப்படுவார்கள். பெரியவர்களும் ஆசைப்படுவார்கள். எடுத்துப் பார்க்கட்டும், உள்ளங்கையில் வைத்து, எத்தனையோ லட்சம் வருஷத்துக்கு முன் ஒரு கை இதே இடத்தில் பிடித்திருக்கும் என்று நினைக்கட்டும். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். எந்த மண்ணில், எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கல்லைப் பேச வைக்கிறார்கள். நம் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது ஊமையாகிவிடும். அடுத்த வருஷம் வருகிற வேறொரு குழந்தைக்காகவும் அது அங்கேயே இருக்கட்டும்.